மானின் வயது கொம்பில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் சிறுவர் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் மானைப் பற்றி நாலு வரி போட்டிருந்தீர்கள். அதில் கடைசி வரி, மானின் கொம்பில் எத்தனை கிளை இருக்கிறதோ அத்தனை வயது என்று சொன்னது. என் அக்கா மகள் அதை அப்படியே படம் பிடித்து எனக்கு அனுப்பி, "மாமா, இது நிஜமா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத நீண்டுகொண்டே போனது. அவளை மாதிரி எத்தனை பிள்ளைகள் அந்த வரியைப் படித்திருக்கும் என்று தோன்றியதும் உங்களுக்கே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அந்த வரி தவறு. வெளிநாட்டு மானுக்கு மட்டும் இல்லை, நம் ஊர் மானுக்கும் தவறு. கிண்டியில் திரிகிற புள்ளிமானையே எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாக வளர்ந்த ஆணுக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று கிளை. நாலு வயதிலும் மூன்றுதான், எட்டு வயதிலும் மூன்றுதான். கொம்பு நீளமாகும், தடிமனாகும், ஆனால் வருஷத்துக்கு ஒரு கிளை என்று ஏறிக்கொண்டே போகாது. கடமானும் அப்படியே. அதே கிண்டியில் இருக்கும் வெளிமானுக்குக் கொம்பு முறுக்கிக்கொண்டு நேராகப் போகும், கிளையே கிடையாது, உதிர்வதும் கிடையாது. கிளையே இல்லாத கொம்புக்கு இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

நான் மணப்பாறைப் பக்கம் பிறந்தவன். 2003இலிருந்து அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே மான் வேட்டை சட்டப்படி நடக்கிறது. நவம்பர் கடைசியில் வரும் நன்றி நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை. உரிமம் வேண்டும், எந்தப் பகுதியில் எத்தனை மானுக்கு அனுமதி என்பதை மாநில இயற்கை வளத் துறை சொல்லும், சுட்ட மானைப் பதிவு செய்தே ஆகவேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைத் தொட்டால் சிறை, அது அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்தும். வேட்டை நல்லதா கெட்டதா என்று வாதம் செய்ய இதை எழுதவில்லை. மானின் வயதை யாராவது உன்னிப்பாகப் பார்க்கிறார்கள் என்றால் அது இந்த ஆட்கள்தான், ஏனென்றால் தப்பாகப் பார்த்தால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள், என்ன பெயர் சொல்கிறார்கள் என்பதைத்தான் எழுத வந்தேன்.

இங்கே இருப்பது வெள்ளைவால் மான். குட்டி போடுவது மே கடைசியிலும் ஜூனிலும். வேட்டை நடப்பது நவம்பரில். நடுவில் சரியாக ஆறு மாதம். அதனால் இங்கே எந்த வேட்டைக்காரரிடம் கேட்டாலும் வயதை அரையோடுதான் சொல்வார். அரை, ஒன்றரை, இரண்டரை, மூன்றரை. இரண்டு வயது மான் என்று யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை, ஏனென்றால் மானுக்கு இரண்டு வயது நிறைகிற ஜூன் மாதத்தில் யார் கையிலும் துப்பாக்கி இருக்காது. முதலில் கேட்டபோது எனக்கு விசித்திரமாக இருந்தது. அப்புறம் யோசித்தால், வயதைச் சொல்லும்போதே பிறந்த மாதமும் பார்த்த மாதமும் சேர்ந்தே வந்துவிடுகிறது.

அரை வயதில் இருப்பது ஃபான். பிறந்தபோது முதுகெல்லாம் வெள்ளைப் புள்ளி இருக்கும், ஆகஸ்ட் செப்டம்பரில் கோடை ரோமம் உதிர்ந்து பழுப்பு நிறக் குளிர்கால ரோமம் வரும்போது புள்ளி போய்விடும். நம் புள்ளிமானுக்குக் கிழடானாலும் புள்ளி இருக்கும், இதற்கு அந்த நாலு மாதம் மட்டும்தான். ஆக, வேட்டைக் காலத்தில் குட்டி மேல் புள்ளியைத் தேடிப் பிரயோசனம் இல்லை. அரை வயதுக் குட்டியில் ஆண் என்றால் அதற்குத் தனிப்பெயர், பட்டன் பக் (பக் என்றால் ஆண் மான்). நெற்றியில் காதுக்கு முன்னால் இரண்டு பக்கமும் சட்டைப் பொத்தான் அளவுக்கு இரண்டு மேடு, மேலே தோலும் ரோமமும் மூடியிருக்கும். கொம்பு இன்னும் வெளியே வரவில்லை, அது முளைக்கப்போகிற அடிக்கட்டை மட்டும்தான். அடுத்த வேட்டைக்கு ஒன்றரை வயது, அப்போது இயர்லிங். அந்த வயதுதான் கொம்பை நம்புகிறவனை ஏமாற்றும். ஒரு இயர்லிங்குக்குக் கிளையே இல்லாமல் ஊசி மாதிரி இரண்டு குச்சி இருக்கும், அதை ஸ்பைக் என்கிறார்கள். இன்னொன்றுக்குக் கவண் கட்டை மாதிரி கவைத்துக்கொண்டு போகும், அது ஃபோர்க்ஹார்ன். சோளமும் சோயாவும் விளைகிற தென் விஸ்கான்சினில் நன்றாகத் தின்று கொழுத்த ஒன்றரை வயதுக்காரனுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து ஆறு முனை, எட்டு முனைகூட வரும். உங்கள் கட்டத்தில் சொன்னபடி எண்ணினால் ஒரே மாதம் பிறந்த மூன்று மானுக்கு மூன்று வயது வரும். கொம்பு ஒவ்வொரு வருஷமும் குளிர்காலத்தில் உதிர்ந்து வசந்தத்தில் புதிதாக முளைப்பது. அந்த வருஷம் என்ன தின்றது, தாய் எப்படி இருந்தது, பரம்பரை எப்படி என்பதெல்லாம் அதில் இருக்கும். நடுவயதைத் தாண்டிக் கிழடு தட்டினால் கொம்பு மறுபடி சிறுத்தும் போகும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது புத்தகத்தில் இல்லை. 1973இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் இங்கே உரிமம் வாங்குவதற்கு முன் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிக்க வேண்டும். நான் 2010இல் முடித்தேன். அந்த வருஷ நவம்பரில் பக்கத்து வீட்டுப் பெரியவரின் நிலத்தில், கொம்பில்லாத மானுக்கான அனுமதிச் சீட்டோடு உட்கார்ந்திருந்தேன். அவர் பால் பண்ணை வைத்திருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் நாலு மணி, வெளிச்சம் மங்க ஆரம்பித்துவிட்டது, அறுத்த சோளக் காட்டின் ஓரத்தில் ஒரு மான் தனியாக வந்தது. கொம்பு இல்லை. பெட்டை, வளர்ந்த பெட்டை என்று நினைத்தேன். பக்கத்தில் வேறு மான் இல்லை, எது பெரிசு எது சிறிசு என்று ஒப்பிட வழியில்லை. சுட்டேன். நடந்து போகப் போக அது சிறிதாகிக்கொண்டே வந்தது. பெரியவர் வந்து மண்டியிட்டார், கையுறையைக் கழற்றினார், என் விரலைப் பிடித்து அதன் நெற்றியில் வைத்தார். ரோமத்துக்கு அடியில் இரண்டு குமிழ், இன்னும் சூடு ஆறவில்லை. "ஆறு மாசம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சட்டப்படி நான் தப்பு எதுவும் செய்யவில்லை, மூன்று அங்குலத்துக்குக் குறைவான கொம்பு இருந்தால் இந்த மாநிலத்தில் அது கொம்பில்லாத மான் கணக்கில்தான் வரும். ஆனால் அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வருஷம் பூராவும் அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். துப்பாக்கி இல்லாமல், வெறும் பைனாகுலரோடு, சாயங்காலம் சாயங்காலமாக வேலியோரம் நின்று பார்த்தோம். தனியாக வரும் கொம்பில்லாத மானைச் சந்தேகப்படு என்பது முதல் பாடம். வளர்ந்த பெட்டை வெட்டவெளிக்கு வருவதற்கு முன்னால் மரத்துக்குள்ளேயே நின்று காற்றை மோந்து பார்க்கும், பெரும்பாலும் கூட ஒன்றிரண்டு வரும். யோசிக்காமல் முதல் ஆளாக வந்து மேய ஆரம்பிப்பது பல நேரம் பட்டன் பக்தான். அப்புறம் முகம். குட்டிக்கு மூக்கு குட்டை, கண்ணுக்கும் மூக்கு நுனிக்கும் இடையே தூரம் கம்மி, அதனால் காது பெரிதாகத் தெரியும். வளர்ந்ததற்கு முகம் நீண்டுவிடும். பக்கவாட்டில் பார்த்தால் குட்டியின் உடம்பு சதுரம், கழுத்து குட்டை. வளர்ந்த பெட்டைக்கு உடம்பு நீளவாக்கில் இருக்கும், வயிறு லேசாகத் தொங்கும், கழுத்து ஒல்லியாக நீண்டிருக்கும். ஆண் குட்டியா பெண் குட்டியா என்றால் இரண்டு காதுக்கும் நடுவில் மண்டையைப் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு உருண்டை, ஆணுக்கு அந்த இரண்டு மேட்டால் தட்டையாகத் தெரியும். எதுவும் தெளிவில்லை என்றால் இன்னொரு மான் வரும்வரை பொறு, பக்கத்தில் நிறுத்திப் பார், வராவிட்டால் வீட்டுக்குப் போ.

இதெல்லாம் தூரத்திலிருந்து பார்ப்பது. உறுதியாகச் சொல்ல வாயைத் திறக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் சுட்ட மானை நேரில் கொண்டுபோய்ப் பதிவு செய்ய வேண்டும் (2015இலிருந்து போனிலும் இணையத்திலும் பதிவு செய்துவிடலாம்). பெட்ரோல் பங்க், பலசரக்குக் கடை என்று எங்கேயாவது ஒரு பதிவு நிலையம் இருக்கும், சிலவற்றில் துறையின் ஆட்கள் உட்கார்ந்து வயது பார்ப்பார்கள். நான் முதலில் போனபோது ஒரு இளம்பெண், கல்லூரி மாணவியாக இருக்கும், குளிரில் மூக்கு சிவந்துபோய் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கம்பியை விட்டு மானின் தாடையை விரித்து, டார்ச் அடித்து, கன்னத்தை விரலால் ஒதுக்கி ஒரு பார்வை. பத்து வினாடிகூட ஆகவில்லை, தாளில் எழுதிவிட்டு அடுத்த வண்டிக்குப் போனாள். எனக்கு அந்த இடத்தில் சட்டென்று மணப்பாறைச் சந்தை வந்துவிட்டது. தாத்தா என்னை மாடு வாங்கக் கூட்டிக்கொண்டு போவார். தரகர் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதற்கு முன்னால், தாத்தா மாட்டின் கீழுதட்டைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கி ஒரு பார்வை பார்ப்பார். இன்னும் பல் போடவில்லை, ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான் பேச்சு, மாட்டின் வயது தெரிந்துபோயிற்று. குர்பானிக்கு ஆடு வாங்குகிறவர்களும் இன்றைக்கும் பல் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பழமொழியே வைத்திருக்கிற ஊர்க்காரர்கள் நாம். நம் பிள்ளைகளுக்கு நாமே கொம்பை எண்ணச் சொல்லித் தரலாமா?

ஆனால் மானுக்கு முன்பல்லைப் பார்த்து லாபமில்லை. மாட்டுக்கு முதல் ஜோடி பால் பல் விழுந்து பெரிய பல் வர இரண்டு வயது ஆகும். வெள்ளைவால் மானுக்கு அது ஆறு மாதத்திலேயே வந்துவிடும், ஒரு வயதுக்குள் முன்பல் எல்லாம் மாறி முடிந்துவிடும். ஒன்றரை வயதும் ஐந்தரை வயதும் முன்னாலிருந்து பார்த்தால் ஒரே மாதிரிதான். அதனால்தான் அந்தப் பெண் கன்னத்துக்குள் டார்ச் அடித்தாள். கீழ்த்தாடையில் ஒரு பக்கம் வளர்ந்த மானுக்கு ஆறு கடைவாய்ப் பல். அரை வயதுக் குட்டிக்கு நாலோ ஐந்தோதான் தெரியும். முன்னாலிருந்து எண்ணினால் மூன்றாவது பல், அதுதான் சாவி. பால் பல்லாக இருக்கும்போது அதற்கு மூன்று முகடு, பக்கத்தில் பார்த்தால் மூன்று சின்னக் குன்று ஒட்டி நிற்கிற மாதிரி. அது விழுந்து நிரந்தரப் பல் வந்தால் இரண்டே முகடு. இந்த மாற்றம் நடப்பது ஏறக்குறைய ஒன்றரை வயதில், அதாவது சரியாக இரண்டாவது வேட்டைக் காலத்தில். ஆக, ஆறு பல்லும் இருந்து, மூன்றாவது பல் மூன்று முகட்டோடு தேய்ந்து மழுங்கிப்போய் விழப்போகிற நிலையில் இருந்தால் ஒன்றரை. சில மானுக்கு அந்தப் பழைய பல் புதுப் பல்லின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும், விரலால் தட்டினால் வந்துவிடும். இரண்டு முகட்டோடு புதிதாக, மற்ற பல்லெல்லாம் கறையேறிப் பழுப்பாக இருக்க அது மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருந்தாலும் ஒன்றரைதான். எல்லாம் ஒரே கறையாக இருந்தால் இரண்டரையோ அதற்கு மேலோ.

இதை முறைப்படுத்தி எழுதியவர் நியூயார்க் மாநிலத்தில் மான்களை ஆராய்ந்த செவரிங்ஹாஸ், 1949இல். இரண்டரைக்கு மேல் அவர் பல் தேய்மானத்தை வைத்து வருஷம் சொன்னார். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மணல் நிலத்தில் மேய்கிற மானுக்குப் பல் சீக்கிரம் தேயும், ஒரே தாடையை இரண்டு பேரிடம் கொடுத்தால் இரண்டு வயது வருவதை நானே பார்த்திருக்கிறேன். உறுதி வேண்டுமானால் முன்பல் ஒன்றைப் பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள், வேரை மெல்லிசாகச் சீவிச் சாயமேற்றி, மரத்தில் வளையம் எண்ணுவது போல எண்ணுவார்கள். ஆனால் குட்டியா, ஒன்றரையா, பெரிசா என்ற மூன்று கேள்விக்கு அந்தக் கடைவாய்ப் பல் போதும், அதில் பழகிய கண் தவறுவது அரிது.

அந்த மூன்று கேள்விக்குள்தான் மாநிலத்தின் மான் கணக்கே இருக்கிறது. காட்டில் இருக்கிற மானை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஒரு பகுதியில் சுடப்பட்ட வளர்ந்த ஆண் மான் நூற்றில் அறுபது ஒன்றரை வயது என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் கூடாமல் குறையாமல் இருந்தால், வருஷத்துக்குச் சாகிற ஆண் மானும் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது என்று கொள்ளலாம், ஏனென்றால் செத்த இடத்தைத்தான் அந்த இளசுகள் வந்து நிரப்புகின்றன. அதை வைத்து மொத்தக் கூட்டத்தைக் கணக்கிட்டு, அடுத்த வருஷம் எத்தனை அனுமதிச் சீட்டு என்று முடிவு செய்கிறார்கள். நோய் விஷயமும் இதில் இருக்கிறது. 2002இல் விஸ்கான்சினில் மானின் மூளையைத் தின்கிற தீராத நோய் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. இளசுகளைவிட வயதான ஆண் மான்களில்தான் அது அதிகம். வயது தெரியாமல் நூறு மானைச் சோதித்து இத்தனை பேருக்கு நோய் என்று சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை.

சரி, கிளைதான் வயது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பழைய இங்கிலாந்திலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். அரசரின் காட்டுச் சட்டங்களைப் பற்றி மேன்வுட் என்பவர் 1598இல் எழுதியதில் மானுக்கு வருஷத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. தட்டைக்கொம்பு மானில் ஆணுக்கு முதல் வருஷம் ஃபான், இரண்டாம் வருஷம் பிரிக்கெட், மூன்றாவது சோரெல், நாலாவது சோர், ஐந்தாவது முதல்தலை பக், ஆறாவதில்தான் முழு பக். செம்மானுக்கு இன்னொரு வரிசை, ஆறாவது வருஷத்தில் அது ஹார்ட் ஆகும். பிரிக்கெட் என்பதே கூரிய முனை என்ற சொல்லிலிருந்து வந்தது, ஒற்றைக் குச்சிக் கொம்பைப் பார்த்து வைத்தது. கொம்பும் வருஷமும் இப்படி ஒரே பெயரில் ஒட்டிக்கொண்டதால் பின்னால் வந்தவர்கள் இரண்டும் ஒன்றென்று நினைத்திருப்பார்கள். ஜெர்மனியில் வேட்டை ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்குகிறது, அதுவரை கிட்ஸ் என்று இருந்த ரோ மான் குட்டி, பெட்டையானால், அன்றைக்கு ஷ்மால்ரே ஆகிவிடும். ஷ்மால் என்றால் ஒல்லி. முதல் குட்டி போடுகிறவரை அந்தப் பெயர்தான். நம் ஊரில் கிடேரி என்கிறோமே, அதே கணக்கு.

இன்னொரு வேண்டுகோளும் இருக்கிறது. வெளிநாட்டுச் செய்தியை மொழிபெயர்க்கும்போது ஃபான், இயர்லிங், பட்டன் பக் எல்லாவற்றையும் "மான் குட்டி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். ஆறு மாதக் குட்டியும், இந்த வருஷமே பெட்டை தேடி அலைகிற ஒன்றரை வயதுக்காரனும் ஒன்றா? நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. தொல்காப்பிய மரபியல் நவ்வி, உழை, புல்வாய் என்ற மான் வகைகளின் இளமைக்கு மறி என்கிறது, கடமை, மரை என்ற விலங்குகளின் இளமைக்குக் கன்று என்கிறது. ஆணைக் கலை, இரலை என்றும் பெண்ணைப் பிணை என்றும் பிரித்து வைத்திருக்கிறது. இனத்தையும் ஆண் பெண்ணையும் அவ்வளவு பார்த்துப் பிரித்த மொழியில் வயதுக்கும் புதுச்சொல் செய்துகொள்ளலாம். நான் அக்கா மகளுக்கு எழுதும்போது பட்டன் பக்கை முளைக்கொம்பன் என்றும், ஸ்பைக்கை ஊசிக்கொம்பன் என்றும், ஃபோர்க்ஹார்னை கவைக்கொம்பன் என்றும் எழுதுகிறேன். இயர்லிங்குக்குப் பல் மாறும் மான். அவளுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. உங்கள் ஆசிரியர் குழுவில் இதைவிட நல்ல சொல் யாருக்காவது தோன்றினால் அதையே போடுங்கள், ஆனால் பிரித்துப் போடுங்கள்.

அந்த முளைக்கொம்பனின் கீழ்த்தாடையைப் பெரியவர் வேகவைத்துச் சுத்தம் செய்து எனக்குக் கொடுத்தார், அது இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதன் படத்தை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். முன்னாலிருந்து மூன்றாவது பல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன், மூன்று முகடும் நன்றாகத் தெரியும். அடுத்த ஞாயிறு அதே கட்டத்தில், திருத்தத்தோடு, இந்தப் படத்தையும் போடுங்கள்.

இப்படிக்கு,
மணப்பாறை வாசகர் ஒருவர்,
இப்போது மேடிசன், விஸ்கான்சின்